தன் கணக்கைத் தானே காட்டு

உத்திரமேரூர் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரு குடம். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தின் உபயம். 'குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக' என்று ஐந்து மார்க் கேள்வி வரும். எழுதி, மார்க் வாங்கி, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்து போவோம். பிறகு தேர்தல் சமயத்தில் மேடைப் பேச்சாளர்கள் அந்தக் குடத்தை எடுத்துத் தூசு தட்டி, 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று கைதட்டல் வாங்குவார்கள்.

நான் சொல்ல வந்தது குடத்தைப் பற்றி இல்லை. அந்தச் சபையில் ஊர்க் கணக்கு எழுதினாரே ஒருவர், அவரைப் பற்றி. குடத்துக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஆயிரத்து நூறு வருஷம் கழித்து இன்று நமக்கு அதிகம் உதவக்கூடியவர் அவர்தான்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் என்று சின்னதாக ஒன்று, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊர்ச் சபை கூடிய இடம். அதன் கற்சுவரில்தான் முதலாம் பராந்தகச் சோழனின் இரண்டு புகழ்பெற்ற கல்வெட்டுகள். ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், மற்றது 14-ஆம் ஆண்டில் வெட்டியவை. அதாவது கி.பி. 919, 921. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெங்கையா என்ற கல்வெட்டு அறிஞர் படித்து, மொழிபெயர்த்து உலகத்துக்குச் சொன்னார்.

இரண்டு வருஷ இடைவெளியில் ஏன் இரண்டு கல்வெட்டு? முதல் தடவை போட்ட விதிகளைத் திரும்பப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். முதலில், வாரியத்தில் உட்கார வயசு 30-லிருந்து 60 வரை என்று வைத்தவர்கள், அடுத்ததில் 35-லிருந்து 70 என்று மாற்றுகிறார்கள். யார் யார் வரக்கூடாது என்கிற பட்டியலும் விரிவாகிறது. விதி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. போட்ட விதி ஓடுகிறதா, எங்கே ஓட்டை என்று பார்த்து அடைத்திருக்கிறார்கள். அதையும் பேப்பரில் எழுதி ஃபைலில் கட்டி வைக்காமல் ஊர் நடுவில் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல்லில் வெட்டியதைத் திருத்துவது எத்தனை கஷ்டம் என்பது வீட்டு வாசல் பெயர்ப் பலகையில் எழுத்துப் பிழை விட்டவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு ராஜீவ் காந்தி சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் 'டேட்டா கவர்னன்ஸ்' என்றொரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். ஒரு நிறுவனத்தில் சேருகிற தகவல்களை யார் எழுதலாம், யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், தப்பானால் யார் பொறுப்பு, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்கிற ஒழுங்குகளுக்கு மொத்தமாக அந்தப் பெயர். இதற்கென்று சாஃப்ட்வேர் விற்கிறார்கள், கன்சல்டன்ட்டுகள் கலர் கலராகப் படம் போட்டு விளக்குகிறார்கள். தமிழில் சொன்னால் ரொம்ப சாதாரணம். கணக்கு ஒழுங்கு.

உடனே, 'பார்த்தீர்களா, டேட்டா கவர்னன்ஸை நம் முன்னோர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று நான் மார் தட்டப் போவதாகப் பயப்பட வேண்டாம். புஷ்பக விமானம் ஓட்டிய ரகம் இல்லை இது. சோழ சபையில் கம்ப்யூட்டர் கிடையாது. அங்கே இருந்தது ஒரு கேள்வி மட்டும்தான். ஒருவன் எழுதுகிற எழுத்தால் இன்னொருவனுடைய நிலமும் தண்ணீரும் வரியும் தீர்மானமாகிறது என்றால், அந்த எழுத்துக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்வி அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

முதலில் அவர்கள் எத்தனை ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று பாருங்கள்.

ஊரில் முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சின்னவர்களும் பெரியவர்களுமாக சபை முழுக்கக் கூடியிருக்க, ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயசில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறு பையன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? வாங்கியதை அவர் உரக்கப் படிக்கிறார். அவர் மட்டும் படித்தால் போதாது, உட்கார்ந்திருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் படிக்கிறார்கள். அப்புறம்தான் பெயர் உறுதி.

இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் வேலை. முடிந்ததும் இறங்க வேண்டும். நடுவில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம்.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. அதிகம் பேசப்படாதது தகுதி இல்லாதவர்களின் பட்டியல். திருடினவன், பஞ்சமகாபாதகம் செய்தவன் என்று நீளமாகப் போகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவன் யார் தெரியுமா? முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன். கொலையும் கள்ளும் களவும் அவனுக்குப் பின்னால்தான் வருகின்றன. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆள் எடுக்கும்போது பொய் ஆவணம் எழுதினவனையும் தள்ளி வைக்கச் சொல்கிறது கல்வெட்டு.

கடைசியாக வருகிறார் நம்முடைய ஆள், கணக்கு எழுதுகிறவர். அவருக்குக் கொஞ்சம்தான் விதி. நேர்மையாகப் பொருள் சேர்த்த மத்தியஸ்தன்தான் கணக்கு எழுத வேண்டும். எழுதினவன் தன் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம், அதாவது மகாசபையிடம் காட்டி, சுத்தன் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி கணக்கு வேலைக்கு வரலாம். தான் எழுதின கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கன் புகுந்து அதை முடித்து வைக்கக் கூடாது.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தால் போதாதா, யார் காட்டினால் என்ன? கூட்டினால் வரவும் செலவும் சரியாக வருகிறதா, அவ்வளவுதானே?

இல்லை. ஏன் என்று பார்க்க சோழ நாட்டுக்குப் போக வேண்டாம், உங்கள் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் போதும். நாற்பது வீடு, மாசம் மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம். பொருளாளர் நல்ல மனிதர். மூன்று வருஷம் பார்த்துவிட்டு, 'பையன் அமெரிக்கா கூப்பிடறான், இனிமே யாராவது பாத்துக்குங்க' என்று ஒரு எக்ஸெல் ஃபைலை அனுப்பிவிட்டுக் கிளம்புகிறார். ஃபைலின் பெயர் 'ஃபைனல்'. கூடவே 'நியூ ஃபைனல்' என்று இன்னொன்று. புதுப் பொருளாளர் இரண்டையும் திறந்து பார்க்கிறார். இரண்டிலும் மீதித் தொகை வேறு வேறு. பேங்கில் இருப்பது மூன்றாவது தொகை. அவர் என்ன செய்வார்? தலையைச் சொறிந்துவிட்டு, பேங்கில் இருப்பதையே 'ஆரம்ப இருப்பு' என்று போட்டு, புது ஷீட் திறப்பார்.

முடிந்தது. வித்தியாசப் பணம் திருட்டா, கூட்டல் தப்பா, லாரிக்காரருக்குக் கொடுத்து எழுத மறந்ததா, இனிமேல் யாருக்கும் தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை தொலைந்துவிட்டது. அதோடு, போனவர் நல்லவர் என்று நிரூபிக்கும் வாய்ப்பும் தொலைந்துவிட்டது. லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் யாராவது அவரைப் பற்றி அரை வாக்கியம் பேசி, மீதியைச் சிரித்து முடிப்பார்கள். வேறு கணக்கன் புகுந்து முடிக்கக் கூடாது என்று உத்திரமேரூர் சபை சொன்னது இதற்குத்தான். ஒரு கணக்கின் பின்னால் இருக்கிற காரணங்கள் எழுதினவன் மண்டையில்தான் இருக்கும். அவன் போய்விட்டால் அவை வெறும் எண்கள்.

ஏதென்ஸ் நகரத்துக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பதவிக் காலம் முடிந்த அதிகாரி கணக்கு ஒப்படைக்கும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அங்கே சட்டம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. பேசிவைத்துக்கொண்டு செய்ததில்லை. மனித சுபாவம் ஒன்றாக இருந்ததால் மருந்தும் ஒன்றாக இருந்தது.

காட்டுவது என்றால் பார்க்கவும் ஆள் வேண்டும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஹைதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கையிருப்பாகவும் பேங்க் இருப்பாகவும் கணக்கில் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தில் இல்லாத விதியா? போர்டு உண்டு, ஆடிட்டர்கள் உண்டு, கணக்கை ஒவ்வொரு காலாண்டும் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் நல்ல நிர்வாகத்துக்காக விருதுகூட வாங்கியிருந்தது. கணக்கைக் காட்டினார்கள், கேட்டவர்கள் தலையாட்டினார்கள், யாரும் பார்க்கவில்லை. ஒருவர் படித்தால் போதாது, மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் அந்த ஓலையைப் படிக்க வேண்டும் என்றது கல்வெட்டு. பேங்க் இருப்பு என்று காட்டிய ஓலையை யாராவது ஒருவர் நேராக பேங்க்கிலேயே கொண்டுபோய்ச் சரியாகப் படித்திருந்தால் போதும். நிறுவனத்தின் பெயர் சத்யம் என்பதை விதியின் விளையாட்டு என்று விட்டுவிடுவோம்.

நம் கிராமங்களில் இதற்கு நேர் எதிரான வியாதி இருந்தது. கர்ணம். ஊரின் நிலக் கணக்கு முழுக்க அவர் வீட்டில்தான். எந்த சர்வே நம்பர் யாருடையது, எது புறம்போக்கு, எந்த வருஷம் என்ன பயிர், எல்லாம். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் எழுதி வந்ததால் கணக்கே அந்தக் குடும்பத்தின் சொத்து மாதிரி ஆகிவிட்டது. சட்டப்படி பரம்பரை உரிமை போன பிறகும் பழக்கம் போகவில்லை. 'எழுதினவனே பதில் சொல்ல வேண்டும்' என்பதில் முதல் பாதி மட்டும் இருந்தது. எழுதினவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பதில் கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1982-ல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பானது. கர்ணம் போய், கிராம நிர்வாக அதிகாரி, அதாவது வி.ஏ.ஓ., வந்தார். வீட்டுக் கணக்கு ஆபீஸ் கணக்காகியது.

பிறகு ஆபீஸ் கணக்கு கம்ப்யூட்டர் கணக்காகியது. நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. இன்று பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கர்ணம் வீட்டுத் திண்ணையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரோடு கூடவே ஒரு புது வாக்கியமும் வந்தது. ஏதாவது ஒரு கவுன்டரில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"ஐயா, அப்பா பேருல இருக்கற நிலம், பேரு தப்பா வந்திருக்கு. முருகேசன்னு இருக்கணும், முருகன்னு இருக்கு."

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு பெரியவரே."

"பழைய பட்டாவுல சரியா இருக்குதுங்களே, இதோ பாருங்க."

"அதெல்லாம் சரி. சிஸ்டம் எடுத்துக்கலையே, நான் என்ன பண்ண?"

பேசுகிறவர் கெட்டவர் இல்லை. உண்மையில் அவரால் ஒன்றும் பண்ண முடியாது. அந்த எழுத்துப் பிழையை அவர் செய்யவில்லை. எப்போதோ எங்கேயோ ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, ஒரு நாளைக்கு இத்தனை பதிவு என்று கணக்குப் பண்ணி, சரியாகத் தெரியாத கையெழுத்தைப் பார்த்து அடித்துக்கொண்டே போயிருப்பார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆக, முருகேசனை முருகன் ஆக்கியவர் யாரும் இல்லை. எழுத்து இருக்கிறது, எழுதினவன் இல்லை. கர்ணம் காலத்தில் எழுதினவன் இருந்தான், கேட்க முடியவில்லை. இப்போது கேட்கத் தைரியம் வந்துவிட்டது, எழுதினவனைக் காணோம்.

இதெல்லாம் சின்ன விஷயம், ஒரு மனு கொடுத்தால் திருத்தலாம் என்று தோன்றலாம். பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே பெரும்பாலான தபால் ஆபீஸ்களை ஒப்பந்த அடிப்படையில் நடத்துகிறவர்கள் சாதாரண மனிதர்கள். பலர் மளிகைக் கடையோடு சேர்த்து நடத்துவார்கள். நம் இந்திய வம்சாவளிக்காரர்களும் அதில் நிறைய. 1999-லிருந்து அவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் தயாரிப்பு. கொஞ்ச நாளில் பல ஊர்களில் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. இவ்வளவு பணம் குறைகிறது என்று திரை சொல்லும். பெட்டியில் எண்ணினால் எங்கே போனது என்று தெரியாது. ஒரு பெண்மணி உதவி எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடியே பட்டன்களைத் தட்டினார். கண் முன்னாலேயே 2,000 பவுண்டு பற்றாக்குறை 4,000 ஆனது.

ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை அவர்கள்தான் கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்கு. வழக்குப் போட்டதில் பெரும்பங்கு அந்தத் தபால் நிறுவனமே. கணக்கு அவர்களுடையது, சாட்சி அவர்களுடைய கம்ப்யூட்டர், வாதியும் அவர்களே. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணிப் பெண் ஒருவர் ஜெயிலுக்குப் போனார். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று கோர்ட் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று நிறுவனம் பல வருஷம் சாதித்தது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஃபுஜிட்சு ஊழியர்கள் தூரத்திலிருந்தே அந்தக் கணக்குகளுக்குள் நுழைய முடியும், மாற்றவும் முடியும். 2019-ல் ஹை கோர்ட், சாஃப்ட்வேரில் கோளாறுகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024-ல் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட்டு நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் சிலருக்கு இருபது வருஷம் போய்விட்டது. சிலர் உயிரோடு இல்லை.

வேறு கணக்கன் புகுந்து முடிக்கக் கூடாது. இந்த ஒரு வரி அங்கே யார் காதிலாவது விழுந்திருந்தால்!

இதை யோசிக்கும்போதுதான் உத்திரமேரூர் விதியின் இன்னொரு முகம் தெரிகிறது. 'கணக்குக் காட்டு' என்பதை நாம் எப்போதும் மிரட்டலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆடிட் என்றால் வயிற்றைக் கலக்கும். ஆனால் கல்வெட்டு என்ன சொல்கிறது? சபை முன்னால் காட்டு, சுத்தன் என்று பெயர் வாங்கு, அப்புறம் திரும்ப வேலைக்கு வா. திரும்பி வருவதற்கு அங்கே வாசல் திறந்தே இருக்கிறது. தான் எழுதினதைத் தானே காட்டலாம், தன் வாயால் விளக்கலாம், இன்னொருவன் புகுந்து அதைக் கலைக்க முடியாது. அப்படிப் பார்த்தால் அது கணக்கனுக்குப் போட்ட விலங்கு மட்டுமல்ல, அவனுக்குக் கொடுத்த கவசமும்கூட. பிரிட்டிஷ் தபால்காரர்கள் ஏங்கியது இதற்குத்தான். எங்கள் கணக்கை நாங்களே காட்டுகிறோம், உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் அவர்கள் கெஞ்சினார்கள். கேட்க ஒரு சபை இல்லை. கணக்குக் காட்டுவது கடமை என்பது நமக்குத் தெரியும். அது ஓர் உரிமையும்கூட என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எனவே ஒரு நிறுவனம் தன் தகவல்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தால், முதலில் வாங்க வேண்டியது சாஃப்ட்வேர் இல்லை. மூன்று கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை எழுதியது யார்? அவர் யார் முன்னால் காட்டினார், பார்த்தவர் உண்மையிலேயே பார்த்தாரா? அவருக்குத் தெரியாமல் வேறு யாராவது இதை மாற்ற முடியுமா? மூன்றுக்கும் பெயரோடு பதில் இருந்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் அது நல்ல கணக்கு. இல்லாவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் பழைய குப்பை வேகமாகச் சேரும், அவ்வளவுதான்.

ஆனால் நியாயமாக இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, அந்தச் சபை கணக்குக் காட்டாதவனை மட்டும் தள்ளவில்லை. அவனுடைய அப்பா, பிள்ளை, சகோதரன், மாமனார், மாப்பிள்ளை, மச்சான், சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை வரை தள்ளியது. பங்காளி முதல் சம்பந்தி வகையறா வரை யாரும் மிச்சமில்லை. சுருட்டின பணம் உறவுக்குள்தானே சுற்றும், உறவுக்காரனே அடுத்த வருஷம் வந்து உட்கார்ந்தால் மூடி மறைப்பானே என்ற பயம். பயம் புரிகிறது. இருந்தாலும் அத்தை மகன் செய்த தப்புக்கு என்னைத் தள்ளுவது நியாயம் என்று என்னால் ஒப்ப முடியாது. எழுதினவனே பதில் சொல்ல வேண்டும் என்றால், எழுதாதவனிடம் பதில் கேட்கக் கூடாது என்பதும் அதே நியாயத்தின் மறுபாதி. இன்று ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு சாதி, ஒரு பின்கோடு பொருந்துகிறது என்பதற்காகக் கடன் கொடுக்க மறுக்கிற கம்ப்யூட்டர் எங்காவது இருந்தால், அதுவும் இதே தப்பைத்தான் செய்கிறது.

இரண்டாவது இன்னும் பெரிசு. உத்திரமேரூர் ஒரு பிராமணக் குடியிருப்பு, சதுர்வேதிமங்கலம். வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கும் நாற்று நட்டவர்களுக்கும் ஏரிக் கரையில் மண் சுமந்தவர்களுக்கும் இடமில்லை. கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் கணக்கில் இருந்தவர்கள் எல்லோரும் சபையில் இல்லை. அவர்களைப் பற்றி எழுதினார்கள், அவர்களிடம் காட்டவில்லை.

அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு முன்னால் நம் நிலைமையைப் பார்ப்போம். செல்போன் கம்பெனி, பேங்க், ஆஸ்பத்திரி, கேஸ் ஏஜென்சி, மளிகை ஆப், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். எத்தனை ஏட்டில் நம் பெயர் இருக்கிறது, எந்த ஏட்டை நாம் பார்த்திருக்கிறோம்? வயல் நாம்தான், விளைச்சலும் நம்முடையதுதான். மண்டபத்துக்குள் மட்டும் நாம் இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவும், தப்பைத் திருத்தச் சொல்லவும், வேண்டாததை அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. அலட்சியமாக இருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நம் தகவலை வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டம் கொடுத்திருக்கிற பெயரின் அர்த்தம் முதலாளி இல்லை, பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர். சரியான பெயர்.

அதே சட்டம் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்திருக்கிறது. முன்பு ஒருவருடைய சொந்தத் தகவலாக இருந்தாலும், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம். பொதுநலனுக்காக வெளியிட வேறு பிரிவில் வழி இருக்கிறது என்கிறது அரசு. அந்தரங்கம் என்ற போர்வையில் அதிகாரிகள் ஒளிந்துகொள்வார்கள் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அந்தரங்கமும் வேண்டும், வெளிப்படையும் வேண்டும். இரண்டும் மோதும்போது எந்தப் பக்கம் நிற்பது?

எனக்குத் தெரிந்த அளவுகோல் சுலபமானது. அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கணக்கு வெளியே இருக்க வேண்டும். அதிகாரம் யார் மேல் பாய்கிறதோ, அவர் விவரம் உள்ளே இருக்க வேண்டும். ரேஷன் வாங்குகிற பாட்டியின் வியாதியைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ரேஷன் அரிசி எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்பது பாட்டிக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அதற்கான மண்டபம் இன்று எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை. நிலம் கேட்க மாட்டார்கள், வேதம் கேட்க மாட்டார்கள், பெண்ணா ஆணா என்று கேட்க மாட்டார்கள். ஓட்டு இருந்தால் உட்காரலாம், வரவு செலவைக் காட்டு என்று கேட்கலாம். பராந்தகன் காலத்தில் வரப்பில் நின்றவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் வாங்கிக் கொடுத்த இடம் அது. நகரத்துக்காரர்களுக்கு அசோசியேஷன் பொதுக்குழு இருக்கிறது. வழக்கமாக அன்றைக்குத்தான் நமக்குத் தலைவலி வரும், டிவியில் மேட்ச் இருக்கும்.

அடுத்த முறை போய் உட்காருங்கள். பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கவனியுங்கள். புரியாத இடத்தில் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். சந்தேகப்படுவதற்காகக் கேட்பதில்லை இது. அவர் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் எழுதின கணக்கு. யாராவது ஒருத்தர் உட்கார்ந்து முழுசாகப் பார்த்து, 'சரியா இருக்கு சார்' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் இல்லையா?